எங்கள் பிள்ளைகள் கடைசியாகத்தான் வருவார்கள்

காரின் பின்கதவைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் அடித்தது. வெயிலில் சூடேறிய தோல், அதோடு தேங்காய் எண்ணெய். உன் மகள் ஆரணியின் பேஸ்போல் கையுறை. பயிற்சி முடிந்து அவளை வீட்டில் இறக்கிவிட்டபோது பின் இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கையுறைக்கென்று கடையில் தனி எண்ணெய் விற்கிறார்கள் என்று எத்தனை தடவை உனக்குச் சொன்னேன். நீ கேட்டால்தானே. தலைக்கு நல்லதென்றால் தோலுக்கும் நல்லதுதான் என்று ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் குசினி மேசையில் வைத்துத் தேய்ப்பாய். நீ கண்மூடிய குளிர்காலமும் முடிந்துவிட்டது. எண்ணெய் மட்டும் இன்னும் மணக்கிறது.

கையுறையைக் கொண்டுவந்து தரட்டுமா என்று அவளுக்குப் போன் எடுத்தேன். "வேண்டாம் அன்ரி, நீங்களே வச்சிருங்கோ. இந்த சீசன் நான் விளையாடேல்லை" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

மெல்பேர்னில், எங்கள் நோபல் பார்க்கில் இப்போது வசந்தம். இன்னும் சில கிழமைகளில் போட்டிகள் தொடங்கும். நீ இருந்திருந்தால் இந்நேரம் மைதானத்து வேலிக்கு அருகில் இரண்டு மடக்குக் கதிரைகளைப் போட்டு, தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து, வரப்போகும் சீசனில் யார் யாரை வெல்வார்கள் என்று சொல்லத் தொடங்கியிருப்பாய். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவர்கள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடியவர்களுக்கு பேஸ்போல் விளங்க எவ்வளவு நேரம் வேண்டும்? மற்றத் தாய்மார் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் எதிரணிகளின் பயிற்சியை உளவு பார்த்தோம். உளவு என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் மைதானத்துக்கு நடக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு எத்தனை தடவை போயிருப்போம்.

அணிகளின் உண்மையான பெயர் உனக்கு வாயில் வராது. நீ வைத்ததுதான் பெயர். பச்சையள், கடற்கரைக்காரியள், வாத்தியாரின்ர ஆக்கள். யார் எவ்வளவு தூரம் அடிக்கிறார்கள் என்று நீ பார்க்கவே மாட்டாய். காரிலிருந்து சாமான் பையை யார் தூக்கி வருகிறார்கள் என்று பார்ப்பாய். பிள்ளைகள் மாறி மாறித் தூக்கினால் அந்த அணி இறுதிவரை வரும். ஒரே பிள்ளை ஒவ்வொரு நாளும் தூக்கினால் பாதி சீசனில் சண்டை வரும். ஒரு வருடம் பச்சையளைப் பார்த்துவிட்டு, உவையள் கிறிஸ்மஸ் தாண்டமாட்டினம் என்றாய். எல்லோரையும் வென்றுகொண்டிருந்த அணி அது, நான் சிரித்தேன். கிறிஸ்மஸ் லீவு முடிந்து வந்தபோது அவர்களுடைய பந்தெறிகிற பெட்டை வேறு அணியின் உடுப்போடு நின்றாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் பயிற்சியாளர்கூட உன்னிடம் வந்து கேட்கத் தொடங்கினார். அரைகுறை ஆங்கிலத்திலும் கையாலும் நீ சொல்ல, அந்த மனுசன் தலையாட்டிக் கேட்பார். பிள்ளைகளும் சுற்றி நின்று கேட்பார்கள். உன் கணிப்பு பிழைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

கடைசியில் அவர் எங்கள் அணி எப்படி என்று கேட்பார். உடனே உன் முகம் மாறிவிடும். எங்களுடைய பிள்ளைகள் ஒன்றுக்கும் உதவாதவர்கள், கடைசியாகத்தான் வருவார்கள் என்பாய். ஆரணியைக் காட்டி, இவள் பந்து எறிந்தால் கார்க் கண்ணாடிதான் உடையும் என்பாய். அவர் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார். எனக்கு அது பகிடியில்லை என்று தெரியும். முதல் வருடம் நான் வாய் சும்மா இராமல், ஆரணி இருக்கிறபடியால் இந்தமுறை எங்களுக்குத்தான் கோப்பை என்று சொல்ல, என் தொடையில் கிள்ளினாய். "சும்மா இரடி. மற்றவையைப் பற்றி எதையும் சொல்லு. எங்கட பிள்ளையளைப் பற்றி நல்லதாக் கதைச்சா நாவூறு பட்டிடும்." அன்று பின்னேரமே வீட்டில் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டு, புகை எச்சரிக்கை மணி அடித்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஓடி வந்ததை நான் மறக்கவில்லை.

விசாவுக்கும் உனக்கு அதே சட்டம்தான். படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்து, வெளியே விட்ட பிறகும் முடிவு தெரியாமல் வருடக்கணக்காக இழுபட்ட உன்னிடம் கோயிலில் யாராவது விசா அலுவல் எப்படி என்று கேட்டால், "எங்களுக்கு எங்க தரப்போறாங்கள்" என்பாய். இதைச் சொல்லிக்கொண்டேதான் இரட்டைக் கதவு பிரிஜ் வாங்கினாய். அதைக் குசினிக்குள் கொண்டுவரக் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. நாளைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்கிறவள் வாங்குகிற பிரிஜ்ஜா இது என்று கேட்டேன். "மெல்லக் கதை" என்று மேலே பார்த்தாய், கூரைக்குள் யாரோ ஒளித்திருந்து கேட்பது மாதிரி.

வைத்தியசாலையில் கடைசியாக நீ கணிப்புச் சொன்ன நாளும் இருக்கிறது. மத்தியானம். ஆரணி கட்டிலின் ஓரத்தில் இருந்து உனக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தாள். நீ மூச்சு வாங்கி வாங்கி ஒவ்வொரு அணியாகச் சொன்னாய். பச்சையள் திரும்பி எழும்புவார்கள், கடற்கரைக்காரியளுக்கு வயது போய்விட்டது. அவள் கரண்டியைப் பிடித்தபடி, "அப்ப நாங்கள், அம்மா?" என்று கேட்டாள். கடைசி என்றாய், வழக்கம் போல. அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சூப் கோப்பையைக் கழுவப் போனதும் என் கையைப் பிடித்து, அவளுக்குக் கால் வளர்ந்துவிட்டது, புதுச் சப்பாத்து ஒரு அளவு கூட்டி வாங்க வேண்டும், அடுத்த வருடமும் போட வேண்டுமே என்றாய். எனக்கு விளங்கியது. நீ சொன்ன 'கடைசி' எனக்கு விளங்கியது போலவே அவளுக்கும் விளங்கியிருக்கும் என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அவளுக்கு விளங்கவேயில்லை.

கையுறைக்காகப் போன் எடுத்த அடுத்த நாள் அவளுடைய அப்பா என்னைக் கூப்பிட்டார். உன் மனுசன் தேவையில்லாமல் யாரையும் கூப்பிடாதவர். செவ்வாய்க்கிழமை வழக்கறிஞரிடம் போக வேண்டும், விசாவுக்காகப் பிள்ளை தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அவளோ வரமாட்டேன் என்று நிற்கிறாள், இது போனால் இன்னொரு தவணை கிடைக்குமோ தெரியாது என்றார். "நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ" என்றார்.

நேற்றுப் பின்னேரம் போனேன். அவள் உன் குசினியில், அந்தப் பிரிஜ்ஜில் சாய்ந்துகொண்டு நின்றாள். உன் உயரத்துக்கு வந்துவிட்டாள். ஏன் போகமாட்டாய் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். "வாட்ஸ் த பொயின்ற், அன்ரி? தரமாட்டாங்கள் எண்டு அம்மா எப்பவும் சொன்னவ. அம்மா சொன்னது எப்ப பிழைச்சது? பச்சையள், கடற்கரை, எல்லாம் சரி. எங்கட டீமைப் பற்றியும் சொன்னவ. நாங்கள் நோ குட் எண்டுதான் அம்மா எப்பவும் நினைச்சவ."

எங்கள் அணி ஒரு வருடமும் கடைசியாக வரவில்லையே என்றேன். அதுதான் அவளுக்கு இன்னும் கவலையாம். நாங்கள் வென்ற வருடங்களிலும் அடுத்த முறை கடைசி என்றுதான் அம்மா சொன்னவ, வென்றதைக்கூட அம்மா நம்பவில்லை என்றாள்.

நாவூறு பற்றிச் சொன்னேன். உனக்கிருந்த பயத்தைச் சொன்னேன். உன்னுடையது என்று எதை நினைத்தாயோ அதை மட்டும்தான் கெட்டதாகச் சொன்னாய் என்றேன். பிரிஜ்ஜைத் தட்டிக் காட்டினேன். சப்பாத்துக் கதையைச் சொன்னபோது மட்டும் அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "எனக்கு எப்பிடித் தெரியும் அன்ரி? ஒருத்தரும் எனக்கு அந்த ரூல்ஸ் சொல்லேல்லையே" என்றாள்.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கோடு நேராகக் கீறினாலே கெட்டிக்காரி என்று ஸ்டிக்கர் ஒட்டி விடுவார்கள். நாள் முழுக்க அதைக் கேட்டுவிட்டு வருகிற பிள்ளை, வீட்டில் அம்மாவின் வாயிலிருந்து வருவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? நல்லதைக் கெட்டதாகச் சொல்லும் இந்தப் பழக்கம் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை. அவளுக்கும் தானாக வரும் என்று நினைத்துவிட்டோம். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு தரம், ஒரேயொரு தரம், அவளுடைய காதுக்குள்ளாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருக்க மாட்டாய் என்று தெரிந்ததும் கோபம் அழுகையாகிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அவள், "அப்ப நீங்கள் சொல்லுங்கோ. இந்த சீசன் நாங்கள் எப்பிடி?" என்று கேட்டாள்.

நல்லா வெல்லுவியள் பிள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். வந்தது வேறு. "எங்க வெல்லப் போறியள்? உன்ர எறியும் நீயும். கடைசிதான்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றவளின் வாய் கோணி, சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து அழுதாள். செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா மாதிரியே சொல்லுறியள்" என்றாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். நல்ல காலம், அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோசம் அவள் அடுத்ததைக் கேட்கும் வரைக்கும்தான்.

"விசா, அன்ரி?"

"தரமாட்டாங்கள் பிள்ளை" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். எல்லாம் விளங்கிய ஆள் மாதிரி. "ஓகே. செவ்வாய்க்கிழமை வாறன்" என்றாள்.

அவள் தெளிந்துவிட்டாள். நான்தான் நேற்றிலிருந்து சோறு இறங்காமல் இருக்கிறேன். அணியைப் பற்றிச் சொன்னது நாவூறுக்குப் பயந்து. அது எனக்கு நிச்சயம். விசாவைப் பற்றிச் சொன்னது அப்படித்தானா? தெரியவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது எனக்குள் இருந்தது பயம் மட்டும்தானா, அல்லது நான் உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறேனா என்று திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இத்தனை வருடமாக நீ சொல்லும்போதெல்லாம் கண் பட்டுவிடும் என்று பயந்துதான் சொல்கிறாய் என்று நினைத்து உன்னைக் கேலி செய்தேனே, உனக்குள்ளும் இதேதான் இருந்ததா? பிரிஜ்ஜும் வாங்கி, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டும் இருந்தாயா? உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். அது நீ போன பிறகுதான் எனக்கு வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். காரில் போகும்போது அவள் திரும்பவும் கேட்டால் அதையேதான் சொல்வேன், வேறு எதையும் சொல்ல எனக்குத் துணிவில்லை. மற்ற அணிகளைப் பற்றிய உன் கணிப்புகள் எல்லாம் பலித்தன. இந்த விசாவிலாவது நீயும் நானும் பிழைத்துப் போக வேண்டும்.