சூலம் பிடித்த பென்னி

அம்மணி,

இன்று காலை சமையலறையிலிருந்து புளி வாசம் வந்தது. மருமகள் ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் முதல் வேலையாக நாணயப் பெட்டியைப் பூட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். நீ போன பிறகு வந்தவள்தான். ஆனாலும் உன் கதை அவளுக்கும் தெரியும்.

தொண்ணூறுகளில் ஒரு ஆயுத பூஜை. அடுத்த ஞாயிறு கோவையில் நாணயக் கண்காட்சி. முதன்முறையாக எனக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். லேத் பட்டறை நேரம் போக, உடுமலைக் காயலான் கடைகள் வரை அலைந்து சேர்த்த இங்கிலாந்துப் பென்னிகள்தான் என் சொத்து. அதிலும் அரிதானது ஐம்பத்தொன்றாம் வருடத்துப் பென்னி. அந்த வெண்கலத்தில் வருடக்கணக்காகப் படிந்த பழுப்புக்குத்தான் மதிப்பு, தேய்த்தால் போயிற்று. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

பட்டறையில் பூஜை முடித்து வீட்டுக்கு வந்தால், சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் என் பென்னிகள் அத்தனையும் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னுகின்றன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏனுங்க, அந்தம்மா சூலம் புடிச்சு ஒக்காந்திருக்குதுங்க. அழுக்கு மேல எப்படிங்க பொட்டு வெக்கறது?” என்றாய்.

அது அம்மன் இல்லை, பிரிட்டானியா, இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் தேசத்தையே பெண்ணாக வரைந்தது என்று விளக்கினேன். கண்காட்சிக்குப் போகப்போவதில்லை என்றும் சொன்னேன்.

“ஊட்ல ஒக்காந்தா மட்டும் பழுப்பு வந்துருமாங்க? நானும் வாரேன். கேக்கறவங்களுக்கு நானே சொல்லிப்போடறேன்.”

சொன்னபடி வந்தாய். மேசைக்குப் பின்னால் நீதான் உட்கார்ந்தாய். நாணயச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “கெடுத்துப்போட்டீங்களேங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டார். நீ அசரவில்லை.

“எங்கூட்டுக்கு வந்த அம்மனுங்க. பொட்டு வெக்காம உடுவமுங்களா?”

அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு அதிகக் கூட்டம் நம் மேசைக்குத்தான். பழுப்பு போன கவலையை மறந்து, ஓரமாக நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

இத்தனை வருடத்தில் பென்னிகள் தாமாகவே மறுபடி பழுப்பேறிவிட்டன. ஐம்பத்தொன்றாம் பென்னியில் மட்டும், அந்தம்மாவின் கேடயத்துப் பள்ளத்தில் உன் குங்குமம் ஒரு துளி ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் விட்டால் வந்துவிடும் என்று போன மாதம் ஒரு நண்பர் சொன்னார். பென்னியை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.

இன்றைய பூஜைக்கு அதை மட்டும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். மருமகள் குங்குமச் சிமிழை நீட்டினாள். வேண்டாம் என்றேன். நீ வைத்த பொட்டு இருக்கிறதே.