ஈரத்தோடு மாட்டிய காற்றுப்பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் குட்டி விமானத்துக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா உன்னிடம் போனில் "லேசா இடிச்சிருச்சு" என்று மட்டும் சொல்லியிருப்பார், முழுக் கதையை நான் சொல்கிறேன் கேள்.

நம் புல்தரை ஓடுபாதையின் ஓரத்துக் கம்பத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு துணிப்பை தொங்குமே, அதில் பறவை எச்சம் என்று அன்று காலை கழற்றி வந்து சோப்புப் போட்டு அலசினார். தன் சட்டையை ஒரு நாளாவது துவைத்த மனிதரா அவர். கம்பத்திலேயே காயட்டும் என்று ஈரத்தோடு மாட்டிவிட்டுப் பறக்கக் கிளம்பிவிட்டார். திரும்பும்போது வழக்கம்போல வீட்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டு இறக்கையை ஆட்டினார், நானும் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். மேலிருந்து பார்த்தால் பை துவண்டு தொங்குகிறது, காற்றே இல்லை என்று நினைத்து, எதிர்க்காற்றில் இறங்க வேண்டியவர் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். நம் பாதைதான் குட்டையாயிற்றே, பிரேக் போட்டும் விமானம் நிற்காமல் வேலியை உடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோசுக்குள் மூக்கைக் குத்தி நின்றது. சத்தம் கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அவரோ கோசுக்கு நடுவில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "காத்தே இல்லையே, எப்படி?" என்கிறார். மெக்கானிக் தம்பி "காத்து இருந்துச்சுண்ணே, உங்க பைதான் இன்னும் காயலை" என்றதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கையில் மாவுக்கட்டு, விமானத்துக்குச் சக்கரமும் முன்விசிறியும் போயின. தோட்டக்காரர் நல்லவர், கோபப்படாமல் நசுங்கின கோசையெல்லாம் நம் வீட்டுக்கே அனுப்பிவிட்டார், தினமும் அதுதான் சமையல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "வித்துடுங்கப்பா" என்று நீ போனில் அழுதாயாம். உன் பயம் எனக்குப் புரியாமலா இருக்கும். இத்தனை வருஷமாக அதை விற்றுத் தொலையுங்கள் என்று நான் கத்தியது அவர் காதில் ஏறினதே இல்லை, நீ ஒரு வார்த்தை சொன்னதும் மறுபேச்சில்லாமல் மெக்கானிக்கிடம் ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் யாரோ வந்து பார்க்கப் போகிறார்களாம். ஆனால் வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் சாப்பாட்டை விட்டு எழுந்து வாசலில் போய் நிற்கிறார், என்னால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. போனை அவர்தான் பக்கத்திலேயே வைத்திருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். கை சரியானதும் கொஞ்ச நாள் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறக்கட்டும், ஆனால் விற்க வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. நான் பழைய குடைத் துணியில் இன்னொரு பை தைத்துக் கம்பத்தில் ஏற்றிவிட்டேன், ஈரம் தங்காது. எதற்கு என்று கேட்ட அப்பாவிடம், பறவையை விரட்ட என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு மனநிறைவாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, நான் சொல்லச் சொன்னதாக அவரிடம் மூச்சு விடாதே, இத்தனை வருஷம் நான் போட்ட சண்டையெல்லாம் வீணாகிவிடும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா