வாய் திறந்தால்தான் வருகை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். முதல்வரின் சுற்றறிக்கை: ஆன்லைன் வகுப்பு இனி ‘உயிரோட்டமாக’ இருக்க வேண்டுமாம். மாணவர்களோடு நெருங்கிப் பழக வேண்டுமாம். எங்கே பழக? சனி மட்டும் நேரில். மற்ற நாளெல்லாம் நாற்பத்திரண்டு கறுப்புக் கட்டங்களுக்குப் புள்ளியியல்.

சரி, என் விதி: பெயரைக் கூப்பிட்டதும் மைக்கைத் திறந்து பேசினால்தான் வருகை.

ஜூலை 8, செவ்வாய்

முதல் நாளே கூத்து. தினேஷ் லாரி கேபினிலிருந்து, சாப்பிட்டீர்களா மேடம் என்கிறான். ‘அப்பா போன்’ என்று பெயர் போட்ட ஒரு கட்டம். மைக்கைத் திறந்ததும் தடதடவென்று காது கிழிகிற இரைச்சல். யாரது, மாவு மில்லில் உட்கார்ந்துகொண்டு வகுப்பா, முதலில் மைக்கை மூடு என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கோகிலா ஆப்சென்ட்.

செய்ய: கேஸ் பதிவு, வினாத்தாள், செருப்பு தைக்கக் கொடுக்க.

ஜூலை 12, சனி

வாரம் முழுக்க கோகிலா குரலே இல்லை. குமாரபாளையத்துப் பெண். இன்று நேரில் முதல் பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறாள். ஏன் பதில் இல்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “கேட்டுக்கிட்டுத்தானுங்க மேடம் இருக்கேன்” என்கிறாள். கேட்கிறவளுக்கு வாய் இல்லையா? எரிச்சல். மணி அடித்துவிட்டது, வந்துவிட்டேன்.

செப். 18, வியாழன்

வருகை குறைந்தோர் பட்டியல் கொடுத்தாயிற்று. ஒரே பெயர், கோகிலா. பருவத் தேர்வு எழுத முடியாது. கையெழுத்துப் போடும்போது என்னவோ போலிருந்தது. தலைவலி. இரண்டு மாத்திரை.

செப். 19, வெள்ளி

பத்து மணி வகுப்பு. பழக்கதோஷத்தில் கோகிலா என்று கூப்பிட்டேன். ‘அப்பா போன்’ மைக் திறந்தது. இரைச்சல் இல்லை.

“உள்ளேனுங்க மேடம். கரண்டு போயிருச்சு, தறியெல்லாம் நின்னுருச்சுங்க. இப்பப் பேசலாமுங்களா?”

வகுப்புத் திரையின் ஓரத்துச் சாட் பெட்டியை இதுவரை திறந்ததே இல்லை. எல்லாம் குட்மார்னிங் குப்பை என்று நினைப்பு. திறந்தேன். 9.58: கோகிலா உள்ளேன் மேடம். தினமும் இப்படித்தான் அடிப்பாளாம். வாயால் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீங்கதானுங்க மேடம் மூடச் சொன்னீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நேற்று நடத்திய திட்ட விலக்கத்தில் ஒரு கேள்வி கேட்டேன். தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் கரண்ட் வந்துவிட்டது, தறிகளின் அதே தடதட இரைச்சல். நான் சொல்லாமலே மைக்கை மூடிக்கொண்டாள்.

மீதியைச் சாட்டில் அடித்தாள். சரியான விடை.

முதல்வர் அறைக்குப் போகிறேன். பட்டியலைத் திரும்ப வாங்க. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுக்க.