பட்டியலில் பத்தொன்பதாவது

மார்ச் 4, செவ்வாய்

பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம் பதினான்கு பக்கம். அதில் ஒன்பது பக்கம் நான் வெளியிட்ட கட்டுரைகளுக்கு. வருடம், ஆய்விதழ், எத்தனையாவது ஆசிரியர், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள். கூட்டிப் பார்த்தால் அறுபத்து மூன்று வருகிறது. எச்.ஐ.வி., காசநோய், மஞ்சள் காமாலை, நடுவில் ஒரு வருடம் காலரா. சிலவற்றை நான்தான் எழுதினேனா என்று எனக்கே சந்தேகம். ஒன்றின் தலைப்பை இரண்டு தரம் படித்தும் விளங்கவில்லை.

வீட்டுக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இத்தனை எழுதியிருக்கியே, எனக்கு ஒரு லெட்டர் எழுதினதுண்டா?" பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிண்டல் செய்ய வகுப்பில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

மார்ச் 5, புதன்

முதுகு வலி. பட்டியல் பாதியில் நிற்கிறது.

மார்ச் 6, வியாழன்

"சிறந்த ஐந்து கட்டுரைகளைக் குறிப்பிடுக." நான்கைத் தேர்ந்தெடுக்கத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஒன்று தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டியலில் பத்தொன்பதாவது. ஒன்பது வருடத்துக்கு முன் வந்தது. எச்.ஐ.வி. நோயாளிகள் மாத்திரைக்காக மாதாமாதம் மருத்துவமனைக்கு அலைய வேண்டாம், மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்து அனுப்பலாம், அதனால் இறப்பு அதிகமாகாது என்று காட்டியது. ஆயிரத்து இருநூற்று நான்கு பேர். பாதிப் பேருக்கு மாதாமாதம், பாதிப் பேருக்கு மூன்று மாதம். இரண்டு வருட முடிவில் ஒரு பக்கம் இருபது சாவு, மறுபக்கம் பத்தொன்பது. அதைப் பார்த்துத்தான் சுகாதாரத் துறை எல்லாச் சிகிச்சை மையங்களிலும் முறையை மாற்றியது. என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான்.

ஐந்துக்கும் மூலப் பதிவேடுகள் பத்திரமாக இருப்பதாகச் சான்று வேண்டுமாம். நாளைக்கு மையத்து அக்காவைப் பிடிக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் மையத்தின் ஆலோசகரை நோயாளி முதல் டீன் வரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் நானுமாகப் பதிவேட்டு அறையில் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தோம். பழைய பதிவேட்டைப் புரட்டியவர் ஒரு பெயரில் விரலை வைத்து, "ஐயோ பாவம், இந்தப் பொண்ணு. சேர்ந்து நாலாம் மாசமே போயிட்டா" என்றார்.

எட்டிப் பார்த்தேன். "வேறு மையத்துக்கு மாற்றம்" என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"மாற்றம்னு போட்டிருக்கே அக்கா?"

"அது அப்படித்தான் டாக்டர் போடுவோம். செத்துட்டாங்கன்னு எழுதினா உடனே வீட்டுக்கு விசாரணை போகணும்ல? ஆஸ்பத்திரி பேர் போட்ட வண்டி போய் வாசல்ல நிக்கும். தெருவே வேடிக்கை பார்க்கும். 'அக்கா, எங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம், வண்டி மட்டும் வரவேண்டாம்'னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"எத்தனை பேருக்கு இப்படி?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சாவு ஒவ்வொன்றுக்கும் ஏழு நாளுக்குள் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும் என்று விதி வகுத்தது யார்? நான். அந்த ஆய்வுக்காக. ஒரு சாவுகூடக் கணக்கில் தப்பக்கூடாது என்று!

மார்ச் 8, சனி

"மாற்றம்" என்று எழுதப்பட்டவர்கள் மொத்தம் நாற்பத்தொரு பேர். மாதாமாதம் வந்தவர்களில் ஒன்பது. மூன்று மாதக்காரர்களில் முப்பத்திரண்டு.

ஒன்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அன்றைக்கே என் கண்ணில் பட்டது. படாமல் என்ன! கட்டுரையில் விளக்கம்கூட எழுதியிருக்கிறேன்: அடிக்கடி வர வேண்டியதில்லை என்பதால் இவர்களுக்கு ஊர் மாறுவது எளிதாகிறது, இது இம்முறையின் கூடுதல் நன்மை. மதிப்பிட்டவர்களில் ஒருவர் அந்த வரியைப் பாராட்டினார். எனக்குப் பெருமை வேறு.

மார்ச் 17, திங்கள்

பத்து நாளாக அக்கா ஃபோனில் உட்கார்ந்திருக்கிறார். மையத்து எண்ணிலிருந்து கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. தன் சொந்த ஃபோனிலிருந்து, "நான்தான் அக்கா பேசறேன்" என்கிறார். மறுமுனையில் சிலர் அழுகிறார்கள். ஒரு அம்மா, "இப்பவாவது கேட்டீங்களே" என்றாராம்.

நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேரைப் பற்றித் தெரிந்துவிட்டது. பதின்மூன்று பேர் நிஜமாகவே வேறு மையத்தில் இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். இருபத்து மூன்று பேர் அந்த இரண்டு வருடத்துக்குள்ளேயே இறந்துவிட்டார்கள். மூன்று பேர் மாதாமாதம் வந்தவர்கள். இருபது பேர் மூன்று மாதக்காரர்கள்.

இருபது.

மார்ச் 18, செவ்வாய்

புள்ளியியல்காரரிடம் எல்லாவற்றையும் கொடுத்தேன். "சுமார்" என்ற சொல்லே பிடிக்காதவர், அதனால் அவருக்குத் தசமம் என்று பெயர். மத்தியானம் வந்து எதிரில் உட்கார்ந்தார். விட்டுப்போனவர்களையும் சேர்த்தால் மாதாமாதம் வந்தவர்களில் இருபத்து மூன்று சாவு, மூன்று மாதக்காரர்களில் முப்பத்தொன்பது. தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்றார். கூடுதல் சாவு அத்தனையும் புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களிடம்தான். முதல் ஆறு மாதம். ஏற்கெனவே உடம்பு தேறி நிலையாக இருந்தவர்களுக்கு மூன்று மாத மாத்திரையால் ஒரு கெடுதலும் இல்லை.

காரணம் யோசிக்க வேண்டியதே இல்லை. புது நோயாளிக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. உள்ளே காசநோய் ஒளிந்திருக்கும். மாதாமாதம் வந்தால் இருமலை யாராவது காதில் வாங்கியிருப்பார்கள். நான் அவர்களை மூன்று மாதத்துக்கு வீட்டில் இருக்கச் சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

பெரியவரைப் பார்க்கப் போனேன். எங்கள் துறையின் பழைய தலைவர். அந்தக் கட்டுரையில் கடைசிப் பெயர் அவருடையது. தேர்வுக் குழுவிலும் இருக்கிறார். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒன்பது வருஷம் கழிச்சு எதுக்கும்மா இந்தக் குழப்பம்?"

"தப்பு சார். முடிவே தப்பு."

"சரி, தப்புதான். யார் இல்லேன்னாங்க? ஏப்ரல் ஒன்பதாம் தேதி நேர்காணல். அது முடியட்டும். மறுநாளே எழுது, நானும் கையெழுத்துப் போடறேன். மூணு வாரத்துல என்ன குடி முழுகிடப் போகுது?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர். அதனால்தான் சட்டென்று மறுத்துப் பேச வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். இருபத்தாறு வருட உழைப்பு. வயது ஐம்பத்தேழு. இந்தத் தடவை விட்டால் இனி கிடையாது.

மார்ச் 21, வெள்ளி

எழுதவில்லை. ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார், கிண்டல் செய்யவில்லை. கை காயும்வரை உட்கார்ந்திருந்தார்.

"அந்த மூணு வாரத்துல யாராவது சாவாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஆளுங்க கணக்கு போடுவாங்களே."

கோபம் வந்தது. உங்களுக்கென்ன, வாத்தியார் வேலை, வரைபடம் தப்பாப் போட்டா யாரு சாகப் போறா என்று கத்திவிட்டேன். எழுந்து போய்விட்டார். பாவம், அவர் கேட்டது நியாயம்தானே? நான் கேட்டிருக்க வேண்டியது.

மார்ச் 24, திங்கள்

தசமத்திடம் கேட்டேன். எங்கள் பகுதி மையங்களில் மூன்று வாரத்தில் புதிதாகச் சேருவோர் நூற்றைம்பது பேர். எல்லாருக்கும் மூன்று மாத மாத்திரை. பழைய விகிதப்படி பார்த்தால் கூடுதலாக எத்தனை சாவு?

"நாலு புள்ளி ஒண்ணு மேடம்."

"புள்ளி ஒண்ணை விடுங்க."

"சரி, நாலு."

சாயங்காலமே இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். ஆய்விதழுக்கு ஒன்று: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். சுகாதாரத் துறைக்கு ஒன்று: புதியவர்களை முதல் ஆறு மாதம் மாதாமாதம் வரச் சொல்லுங்கள். அனுப்பிய கையோடு பெரியவருக்கும் ஃபோனில் சொன்னேன். "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

அக்காவுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். கடிதத்தில் அவர் பெயர் இல்லை என்று காட்டினேன். மக்கள் மறைக்கும்படி விதி வகுத்தவள் நான், பதிவைச் சரிபார்க்காதவளும் நான் என்றுதான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு இன்னும் கோபப்பட்டார்.

"அப்ப எழுதினது நான் இல்லையா? என்னவோ நான் அங்க இல்லாத மாதிரி எழுதியிருக்கீங்க!"

அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். டீயும் ஆறிப்போய்விட்டது.

மார்ச் 28, வெள்ளி

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பத்தொன்பதாவதை நீக்கிவிடலாம் என்றார் எழுத்தர். நீக்கவில்லை. பக்கத்தில் எழுதினேன்: முடிவு தவறு, திரும்பப் பெறக் கோரியுள்ளேன்.

ஏப்ரல் 9, புதன்

நேர்காணல் பன்னிரண்டு நிமிடம். மற்ற அறுபத்திரண்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர், "உங்களோட மத்த கட்டுரைகளை நாங்க எப்படி நம்பறது?" என்றார். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 25, வெள்ளி

எனக்கு இல்லை. எட்டு வயது இளையவருக்கு. நல்ல பெண், கெட்டிக்காரி. வாழ்த்தினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழற்றினார்.

ஜூன் 16, திங்கள்

ஆய்விதழ் பழைய கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே "திரும்பப் பெறப்பட்டது" என்று சிவப்பில் அச்சிட்டுவிட்டது. மற்ற கட்டுரைகளின் பதிவேடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது. கண் எரிச்சல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

துறையின் சுற்றறிக்கை வந்துவிட்டது. புதியவர்களுக்கு முதல் ஆறு மாதம் மாதாமாதம். சாவு விசாரணைக்கு இனி வண்டி கிடையாது, ஃபோன் போதும். அது அக்கா சொல்லிச் சேர்த்தது. நாலரை மாதம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு என்ன கணக்கு வரும் என்று தசமத்திடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வெளிநோயாளிகள் தொண்ணூற்றிரண்டு பேர். கடைசியாக ஒரு லாரி டிரைவர். சிகிச்சை தொடங்கி இரண்டாம் மாதம். உட்காரும்போதே சண்டை.

"மூணு மாசத்துக்கு மொத்தமா குடுப்பாங்கன்னு சொல்லித்தான் சேர்ந்தேன். மாசாமாசம் லீவு போட்டா என் வண்டியை எவன் ஓட்டுவான்? யாரு டாக்டர் இந்தச் சட்டத்தைப் போட்டது?"

"நான்தான்" என்றேன்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இருமல் இருக்கா?"

"அது தூசி. ரெண்டு வாரமா."

சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். திட்டிக்கொண்டேதான் போனார். மத்தியானம் முடிவு வந்தது. காசநோய், ஆரம்ப நிலை. இன்றே மருந்து தொடங்கிவிட்டோம். இத்தனை மாத்திரையா என்று அதற்கும் ஒரு மூச்சு திட்டினார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன்.