சீசன் என்றால் விதைப்பாம், அக்கா

என் எஸ்தர் அக்காவுக்கு,

மழை பெய்துவிட்டது. முதலில் உனக்குச் சொல்ல வேண்டிய சேதி அதுதான். நேற்றுச் சாயங்காலம் மல்லாங்கிணறு முழுக்க, கரிசல் காலில் அப்பிக்கொள்கிற மாதிரி நல்ல மழை. காலாண்டு லீவுக்கு உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உன் அடுப்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அத்தான் விடியும் முன்னமே விதைப்புக் காட்டில் ஈரம் பார்க்கப் போய்விட்டார். உன் மகள் ரூபி வேலைக்குப் போயிருக்கிறாள். எந்த வேலைக்கு என்று நீ கேட்பாய். கொஞ்சம் பொறு, சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

லீவு விடுவதற்கு முன்னால் என் ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைக் கேள். இங்கிலீஷ் பாடத்தில் சீசன் என்ற வார்த்தை வந்தது. வருஷத்துக்கு எத்தனை சீசன் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். புத்தகத்தைப் பார்த்து நாலு என்று சொல்வார்கள் என நினைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "ரெண்டு டீச்சர். வெடி சீசன், காலண்டர் சீசன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் வீட்டில் அம்மா பட்டாசுக் கம்பெனிக்கு வெடி வேலைக்குப் போகிறாள், அப்பா அச்சாபீசுக்குப் போகிறார். அவர்களுக்கு அது சரியான பதில்தான்.

நீ போனதிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். அப்படி எங்கிருந்துதான் வந்து தொலைத்தது என்று பார்க்க, லைப்ரரியில் பெரிய டிக்‌ஷனரியை எடுத்துப் புரட்டினேன். லத்தீனில் விதைப்பு என்று அர்த்தமாம், அக்கா. பிரெஞ்சுக்காரன் அதை விதைக்கிற காலம் என்று வைத்துக்கொண்டான். அவனிடமிருந்து இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. நாம் புரட்டாசிப் பட்டம் என்கிறோமே, அதேதான். "ஏ புள்ள, இதக் கண்டுபிடிக்கவா ஒனக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்குறாக?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. கேளேன். கேட்டால் நன்றாக இருக்கும்.

விதைக்கிற காலம் என்பது போகப் போக எந்தக் காரியத்துக்கும் தோதான காலம் என்று ஆனதாம். பிறகு வருஷத்தை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பேரையே வைத்தார்கள். காலத்தில் பழம் பழுத்து ருசி ஏறுகிறதல்லவா, அதனால் குழம்பில் உப்பும் காரமும் சேர்ப்பதற்கும் அதே வார்த்தை. ஆசாரி பலகையை மாதக்கணக்கில் காயப்போட்டு, மரம் சீசன் ஆகணும் என்பாரே, அதுவும் இந்தப் பக்குவத்திலிருந்து வந்ததுதான். இதுவரைக்கும் எனக்கு அந்த வார்த்தை மேல் கோபமில்லை. கூட்டம் சேருகிற, சரக்கு ஓடுகிற நாளுக்கெல்லாம் சீசன் என்று பேர் வைத்தார்களே, அங்கேதான் கெட்டுப்போனது. குற்றாலத்துக்கு ஒரு சீசன். சிவகாசிக்கு ஒரு சீசன்.

ஆனால் குற்றாலத்துச் சீசனில் தண்ணீர் விழ வேண்டும். நம் பக்கத்துச் சீசனில் ஒரு சொட்டு விழக் கூடாது. மழைக்காக வானத்தைப் பார்த்த காலத்துக்கு இருந்த பேர், மழை வந்தால் தலையில் கை வைக்கிற காலத்துக்கு வந்துவிட்டது. ஒரு வார்த்தை இப்படியுமா தலைகீழாகப் போகும்?

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீ அகப்பட்டாய். காடு விதைக்க வேண்டியதும் புரட்டாசியில், கம்பெனியில் ஆர்டர் நெருக்குவதும் புரட்டாசியில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மழைக்காக முழங்காலில் நிற்பாய். திங்கட்கிழமை கம்பெனி வேனில் ஏறும்போது, "ஆண்டவரே, தீபாவளி வரைக்கும் பெய்யாம இருக்கட்டும்" என்பாய். ஆண்டவர் யார் பேச்சைக் கேட்பார் என்று நான் கேலி செய்வேன். "அவருக்குத் தெரியாதாக்கும்" என்று என் தலையில் குட்டுவாய். எனக்கு இன்னும் அந்தப் பதில் கிடைக்கவில்லை, அக்கா. அவருக்குத் தெரிந்திருந்ததா?

நீ போனதற்கு முந்தின நாள் மழை மத்தியானமே வந்துவிட்டது. முற்றத்தில் காயப்போட்டிருந்த வெடிமருந்தை நீங்கள் எல்லோரும் சாக்கிலும் முந்தானையிலும் அள்ளிக்கொண்டு ரூமுக்குள் ஓடியிருக்கிறீர்கள். ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடேறும், அதை உடனே ஒதுக்கி அழித்துவிட வேண்டும். அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் சீசன் நேரத்தில் அவ்வளவு மருந்தை அழிக்க யாருக்கு மனசு வரும்? மறுநாள் வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம் என்று ரூமிலேயே குவித்து வைக்கச் சொன்னாராம் போர்மேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் செய்தாய். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏ புள்ள, என்னா மழைங்குற! காடெல்லாம் குளுந்து கெடக்கு. நாளைக்கு மட்டும் வேலைக்குப் போயிட்டு, மக்கா நாள் வெதப்பு" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மறுநாள் நீ உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் மருந்து வெடித்து அந்த ரூமே போய்விட்டது.

உன்னை மூடித்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். ரூபி உன் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "சீசன் நேரம்னா அங்கன இங்கன நடக்கத்தான செய்யும்" என்றார். அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். மழைக்கு வெள்ளம் போல, வெயிலுக்கு வியர்வை போல, சீசனுக்குச் சாவு என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். இதை எந்த டிக்‌ஷனரியும் எழுதவில்லை.

இப்போது ரூபி விஷயம். அவள் பி.காம். முடித்துவிட்டாள். இந்த மாதம் முழுக்க அவள் உன் கம்பெனிக்குத்தான் போகிறாள். அதே இடம், பேரை மட்டும் மாற்றித் திறந்திருக்கிறார்கள். அதே வேன், அதே தெருமுனை. எனக்கு நேற்று இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

அத்தானிடம் பாய்ந்தேன். "உங்களுக்கு அறிவு இருக்கா அத்தான்? பொண்டாட்டியக் குடுத்த எடத்துக்கு மகளையும் அனுப்புறீக?"

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நானா அனுப்புதேன்? நாஞ் சொன்னா அவ கேக்குறாளா? நீ டீச்சர்தான, நீ சொல்லு" என்றார். ஆள் பாதியாகிவிட்டார், அக்கா. நீ போனதிலிருந்து காடு தரிசாகக் கிடக்கிறது. ஒரு பிடி விதை விழவில்லை.

ரூபி வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அலுமினியப் பொடி நகக்கண்ணில் வெள்ளியாக ஒட்டியிருந்தது. உன் கையைப் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு. படித்த படிப்புக்கு விருதுநகரில் வேலை தேடித் தருகிறேன், என் வீட்டில் வந்து இரு என்றேன். சீசன் என்ற வார்த்தையின் பூர்வீகத்தையெல்லாம் வேறு, பெரிய மேதாவி மாதிரி, அவளிடம் அளந்தேன். அவள் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

"நான் வேலைக்காக அங்க போகல சித்தி. இங்கன யாராவது அம்மாவப் பத்திப் பேசுறீகளா? அப்பா அம்மா பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிருதாக. நீங்க போன்ல சாப்டியா, படிச்சியான்னு கேட்டுட்டு வச்சிருதீக. அங்க இருக்குற அக்காமாருதான் அம்மா எப்படிப் பாடுவாக, எப்படி போர்மேனக் கேலி பண்ணுவாகன்னு சொல்றாக. எனக்கு அது வேணும்."

உன்னைப் பற்றிப் பேசினால் பிள்ளை உடைந்துபோவாள் என்று வாயைப் பூட்டி வைத்திருந்தோம். அவள் உன்னைத் தேடி மருந்து ரூமுக்குப் போயிருக்கிறாள்.

உடனே உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். வெளியே மழை கொட்டியது. நீ என் சடையைக் கட்டில் காலோடு முடிந்து வைத்தது, இருக்கன்குடித் திருவிழாவுக்கு அப்பாவுக்குத் தெரியாமல் என்னைக் கூட்டிப்போய் ராட்டினத்தில் வாந்தி எடுத்தது, கல்யாணத்தன்று பாஸ்டர் கேள்வியை முடிக்கும் முன்பே சம்மதம் என்றது. ரூபி விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் எழுந்து போகவில்லை. வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணை மீட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் ஹார்ன் சத்தம் கேட்டது. ரூபி சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி நின்றாள். மழைக்கு மறுநாள், இன்றைக்கு மட்டும் போகாதே என்று கையைப் பிடித்தேன். கெஞ்சினேன். "சொல்லாம நின்னா அந்த அக்காமாருக்கு வேல கூடிரும் சித்தி. இன்னைக்குப் போயி வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருதேன். நாளையிலேர்ந்து போகல" என்றாள். அப்படியே நீதான், அக்கா. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஓடிவிட்டாள். போன் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். கூப்பிடவும் வழியில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தான் வந்துவிட்டார். முழங்கால் வரை சேறு. இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "கிரேஸ், ஈரம் நல்லா எறங்கிருக்கு. வெதச்சிருவோம். எஸ்தருதான் மொதப் பிடி போடுவா, இனி மக போடட்டும். எங்க அவ, இன்னும் தூங்குதாளா?" என்றார். மழை நாளில் அவள் போகமாட்டாள் என்றே நினைத்துவிட்டார்.

நான் வேன் நிற்கும் தெருமுனைப் பக்கம் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்தார். சேற்றுக் காலோடு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கம்பெனிப் பக்கம் போய்விட்டார்.

அக்கா, வெளியே வெயில் ஏறிவிட்டது. நேற்று அவர்கள் எதை நனையவிட்டார்கள், எங்கே குவித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். அவள் திரும்பி வந்தால் அந்த வேனில் இன்னொரு முறை ஏறமாட்டாள். ஏறப் போனால் என் மேல் ஏற்றிக் கொன்றுவிட்டுத்தான் வேன் நகர வேண்டும். உன்னைப் பற்றிப் பேச அவள் எந்த ரூமுக்கும் போக வேண்டியதில்லை, நான் பேசுவேன், அவள் போதும் என்கிற வரைக்கும் பேசுவேன்.

அவள் வரட்டும், அக்கா.

தெருமுனையில் போய் நிற்கப் புறப்படும்,
உன் தங்கச்சி கிரேஸ்,
ரூபியின் சித்தி