காலால் அழுத பிள்ளை

செவ்வாய்க்கிழமை, இரவு

செல்வியின் பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்தவன். இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறான். இன்று காலை ரத்தம் எடுக்க அவன் குதிகாலில் ஊசி குத்தினார்கள். அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்து, எவ்வளவு வலிக்கிறது என்று மார்க் போடுவது நர்ஸான என் வேலை. அவன் அழவில்லை. நெற்றி லேசாகச் சுருங்கியது, அவ்வளவுதான். பத்துக்கு இரண்டு போட்டேன்.

"ரொம்ப வலிக்கலம்மா" என்று செல்வியிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் முகத்துவாரக்குப்பத்துக்காரி, எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள். இன்றைக்கு மெதுவாகச் சொன்னாள். "கால பாருக்கா. அஞ்சு வெரலையும் விரிச்சிகினு கீறான். வாய்விட்டு அயுவ தெம்பு இல்ல. அதான் காலால அயுவுறான்."

பார்த்தேன். விரல்கள் விறைத்து நின்றன. என் தாளில் காலுக்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

சாயங்காலம் மறுபடி குத்த வேண்டியிருந்தது. டாக்டரிடம் கேட்டு, முதலில் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் சொட்டு விட்டேன். செல்வி கை கழுவிக்கொண்டு வந்து, ஒரு கையால் தலையையும் மறு கையால் குத்தாத காலையும் பொத்திப் பிடித்தாள். "நைனா, அம்மா இங்கதான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊசி ஏறியதும் அவள் பிடித்திருந்த காலின் விரல்கள் விரிந்தன. பிறகு மெல்ல மடங்கி அவள் விரலைப் பிடித்துக்கொண்டன.

முகத்துக்கு இப்போதும் இரண்டுதான். காலையில் போட்ட அதே இரண்டு.

மூன்று வருஷமாக மார்க் போடுகிறேன். அழாத பிள்ளைகளுக்கெல்லாம் வலிக்கவில்லை என்றே அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் எத்தனை பேர் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் போனார்களோ.