எண்பத்தொன்பதாம் நாள் கையெழுத்து

ஆள்காட்டி விரலில் ஒட்டிய நீல மை மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. பதிவு அலுவலக மேசையில் நூல் கட்டித் தொங்கிய பேனா எழுதவில்லை; என் பழைய மைப்பேனாவோ கசிந்தது. எழுபத்தாறு வயதில் ஒரு கறைக்காக நான் பெருமைப்படுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். நீ கண்மூடி நான்காண்டுகள் கழித்து, உன் மகள் கோமதியின் திருமணம் இன்று பதிவாகிவிட்டது.

உன் திருமணத்துக்குக் காகிதம் கிடையாது. கடலுக்குப் போன உன் கணவர் திரும்பாத ஆண்டில், நிவாரணத் தொகை கேட்டுப் போனபோது மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஓர் அதிகாரி கேட்டார். மனு எழுதித்தர உடன் வந்த நான் சட்டப் பிரிவைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ கழுத்துத் தாலியைத் தூக்கிக் காட்டினாய்.

"அப்ப இது இன்னா சார், மாட்டுக் கயிறா?"

முப்பதாண்டு கல்லூரியில் பாடம் நடத்திய எனக்கு அந்த வாதம் தோன்றவே இல்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் அலைந்தோம். கடைசி நாள் படியிறங்கும்போது சொன்னாய்: "எம் பொண்ணு கல்யாணத்துல சோறு போட ஊரே கீது டீச்சர். நீ வந்து கையெழுத்துப் போடு."

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் காசிமேட்டு மாப்பிள்ளைகள் கரையில் அகப்படுவார்கள். கோமதிக்கும் அப்போதுதான், தடை முடியும் வாரத்தில், தாலி ஏறியது. தடை நீங்கியதும் அவள் கணவன் ரகு விசைப்படகில் ஏறிவிட்டான். அவன் கரையில் இருந்தால் அலுவலகம் விடுமுறை. அலுவலகம் திறந்திருந்தால் அவன் கடலில். தொண்ணூறு நாளுக்குள் பதியவில்லையென்றால் மறுபடி அலைச்சல். இன்று எண்பத்தொன்பது. நாளை விடியலில் படகு மீண்டும் கிளம்பும்.

பதினொன்றரைக்கு ரகு ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தான், முழங்கையெல்லாம் மீன் செதில்.

"இன்னாய்யா, மாப்பிள்ளையா மீன் கூடையா?" என்றார் எழுத்தர்.

"குளிச்சிட்டு வந்தா உங்க டைம் பூடும் சார்," என்றாள் கோமதி. உன்னுடைய அதே எகத்தாளம்.

அடுத்து விரல்ரேகை. கருவி அவன் கட்டைவிரலை ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வலைக்கயிறு இழுத்து ரேகை தேய்ந்திருந்தது. ஒவ்வொரு விரலாக வைத்தான். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவள் என்பதை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். உன்னை அலைக்கழித்த அந்தப் படிகளில் உன் மகளும் ஏற வேண்டுமா?

கோமதி அவன் கையை இழுத்துத் தன் எண்ணெய்த் தலையில் தேய்த்தாள். "ரேஷன் கடையில இப்டித்தான் சார் எடுக்கும்."

இடது சுண்டுவிரலுக்குப் பச்சை எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். நானும் அடித்தேன் என்கிறாள் கோமதி. நம்பாதே, கைதான் தட்டினேன்.

சாட்சிக்கு என்ன உறவு என்று எழுத்தர் கேட்டார். "மணமகளின் தாயாருடைய தோழி" என்றேன். தண்டையார்பேட்டையில் என் வாசலில் நீ கூடையை இறக்கிய நாள்முதல் மீனின் செவுளைப் பிரித்துப் பிரித்துச் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை.

சான்றிதழின் நகலொன்றைக் கோமதி என்னிடம் நீட்டினாள். "எங்க வூட்டுல மழைத்தண்ணி பூந்தா நனைஞ்சிடும். நீங்களே வெச்சிக்கோங்க டீச்சர்."

உனக்காக எழுதிய மனுக்களின் நகல்கள் இன்னும் என் இரும்புப் பீரோவில் ஓர் உறைக்குள் இருக்கின்றன. அந்த உறையிலேயே வைத்தேன். அடியில் அவை, மேலே இது.